நாலு சால் நிலம்

தீப்பெட்டி செய்கிற சீமையில் பிறந்து வளர்ந்தும், குச்சியை எங்கே உரசக் கூடாது என்று தெரியாமல் இருந்த மடையன் நான். சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கே சிரிக்க இருபது வருஷம் பிடித்தது.

போன வாரம் சாத்தூர் ரோட்டோரம் யாரோ காய்ந்த புல்லைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். புகை பஸ்ஸுக்குள் வந்ததும் என் கை தானாக வேட்டி முடிச்சுக்குப் போய்விட்டது. பக்கத்து சீட்டுக்காரர் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார். அவருக்கு எப்படிச் சொல்ல, இது பழைய வேட்டி விவகாரம் என்று?

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. எம். புதுப்பட்டிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் காடு இருந்தது. கிழக்கே பெரியப்பா விற்றுவிட்ட பருத்திக்காட்டில் பட்டாசுக் கம்பெனி வந்திருந்தது. என் மனைவிக்கு அங்கேதான் வேலை. கம்பெனிக்கு வடக்கே ஒருவர் மட்டும் விடாப்பிடியாகக் கம்பு விதைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து எனக்கும் ரோஷம் வந்து, இரண்டு வருஷத் தரிசில் டிராக்டரை இறக்கினேன். டிராக்டர்காரன் கம்பெனி வேலியை ஒட்டி நாலு சால் உழவு ஓட்டினான். புல் கொழுவில் சுற்றுகிறது, சுத்தம் பண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று போய்விட்டான். அவனை நான் வைத வசவை இங்கே எழுத முடியாது.

சுத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது அப்பா செய்ததுதான். ஆவணி பிறந்தால் புல்லைக் கொளுத்துவார், பிறகு உழுவார். மறுநாள் காலை நானும் மேற்கு மூலையில் ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டேன். அப்பா காலத்தில் பக்கத்தில் இருந்தது பருத்தி என்பது, மேற்கேயிருந்து மேகாற்று கிளம்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

தீ இடுப்புயரத்தில் கிழக்கே நடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மேடையில் வெடித்திரி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வரிசையாக அறைகள். மூன்றாவது அறையில்தான் என் மனைவி.

போர்மேன் செருப்பில்லாமல் வேலிக்கு ஓடி வந்தார். திட்டியிருந்தால் தேவலை. தணிந்த குரலில் சொன்னார்:

“அண்ணாச்சி, அம்புட்டுப் பேரும் உள்ளதான் இருக்காக.”

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். அறை அறையாகப் பெண்கள் வெளியே வந்து, சத்தமே இல்லாமல், கையில் அப்பிய வெடிமருந்தின் சாம்பல் நிறத்தோடு வடக்கே கம்பங்காட்டுக்குள் ஓடினார்கள். நான் வேட்டியை அவிழ்த்துத் தீயை அடித்தேன். பட்டாபட்டி டிராயரோடு குதித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் முகம் இல்லை.

உழுத மண் வரைக்கும் வந்த தீ, தின்பதற்கு ஒன்றுமில்லாமல் அங்கேயே படுத்துவிட்டது. அந்த நாலு சால்தான். அப்புறம்தான் கம்பங்கதிர்களுக்கு நடுவிலிருந்து அவள் தலை நிமிர்ந்தது. என் கோலத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

அடுத்த மாதமே காட்டைக் கம்பெனிக்கு விலைக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை, எனக்குத்தான் அங்கே நிற்கக் கால் வரவில்லை. இரண்டு மழை பொய்த்ததும் கம்புக்காரரும் கொடுத்தார். இப்போது நாலு பக்கமும் கம்பெனிக் காம்பவுண்டுச் சுவர்.

பஸ்ஸில் புகை அடித்த அன்று சாயங்காலம், அதே கம்பெனியில் வேலை விட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தவளிடம் வழக்கம்போலப் பீற்றிக்கொண்டேன்: “என்ன இருந்தாலும் அன்னைக்கு ஒங்க எல்லாரையும் காப்பாத்துனது என் நாலு சால்தான.”

அவள் கையிலிருந்த சாம்பல் நிறம் போகவில்லை. தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

“இப்ப ஓடுறதுக்கு எங்கன எடம் இருக்கு?”