பட்டனுக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்கக்கேடு.

போன வருடம் ஆயுத பூஜை முடிந்து நாலைந்து நாள் இருக்கும். எங்கள் டிவி தானாக அணைந்தது, தானாகவே மறுபடி ஓடியது. கீழ் ஓரத்தில் இருக்கும் பவர் பட்டனைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்றது. அன்று பார்த்து கிரிக்கெட் மேட்ச் வேறு. எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

அடி அண்ணாமலையிலிருந்து ஓர் அம்மா வேலைக்கு வந்துகொண்டிருந்தார். எங்கள் வீடு, எதிர் வீடு, அதற்கடுத்த வீடு, இந்த மூன்றுதான் அவருடைய பிழைப்பு. அன்று காலை டிவியைத் துடைத்தவர் அவர்.

"ஈரத்துணிய வெச்சு அந்த பட்டனை அமுக்கினியா இல்லியா?"

"பட்டன் பக்கமே போவல சார். கண்ணாடிய மட்டுந்தான் தொடச்சேன்."

"பொய் வேற சொல்றியா? உங்களையெல்லாம் வூட்டுக்குள்ள வுட்டதே தப்பு!"

"ஏங்க, சும்மா இருங்க" என்று மனைவி கையைப் பிடித்தாள். நான் கேட்டால்தானே. அந்த அம்மா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். துடைப்பத்தைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அத்தோடு விட்டேனா? எதிர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "பொருளை ஒடச்சிட்டு இல்லேன்னு சாதிக்குது, ஜாக்கிரதையா இருங்க" என்று ஓதிவைத்தேன். அவர் அடுத்த வீட்டிலும் சொல்ல, இரண்டு வீட்டிலும் வேலைக்கார அம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தார். டிவியைக் கவிழ்த்துப் பின்மூடியைக் கழற்றி, பட்டனை ஊசியால் கிளறியவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"இதுக்குப் பொட்டு வெச்ச புண்ணியவான் யாரு சார்?"

ஊசி முனையில் காய்ந்த சந்தனம், குங்குமம் கலந்து கட்டி கட்டியாக வந்தது.

"பூஜை முடிஞ்சா எனக்கு இதே வேலைதான். தண்ணியா கரைச்சு வெச்சுடறாங்க, உள்ள எறங்கி காஞ்சுக்குது."

பிரிட்ஜ், மிக்சி, வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான். கண்ணாடியில் வைத்தால் கறை படியும் என்று யோசித்து, பட்டன் மேல் வைத்த அதிபுத்திசாலியும் நான்தான். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெக்கானிக்குக்குக் காபி போடப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அன்று சாயங்காலமே அடி அண்ணாமலைக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"தப்பு என் மேலதாம்மா. நான் வெச்ச சந்தனம்தான் அடைச்சிருக்கு. நாளையிலருந்து வந்துடுங்க." அதுவரை அவரை நான் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நான் பண்ணலன்னு எனக்குத்தான் தெரியுமே. அந்த ரெண்டு வூட்டுல போய்ச் சொல்லுங்க. அவங்க கூப்ட்டா உங்க வூட்டுக்கும் வரேன்."

சொல்லிவிடுவது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வண்டியை நிறுத்தும்போதே எதிர் வீட்டு அம்மா கேட்டுக்கு வந்துவிட்டார்.

"டிவி ரெடியாய்டுச்சா சார்? இன்னாவாம்?"

அவருடைய கணவர் என் ஆபீஸ்தான். சொன்னால் நாளைக்கு டீ நேரத்தில் ஆபீஸே சிரிக்கும்.

"உள்ள தூசி அடைச்சிருந்துதாம்" என்றேன்.

"பாத்தீங்களா? ஒழுங்கா தொடச்சிருந்தா தூசி எங்கருந்து வரும்? நல்லவேளை, அதை நிறுத்திட்டோம்."

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன்.