மஞ்சள் பையில் ஒரு சிவப்பு விரல்

துணிப்பையில் சுண்ணாம்பால் படம் வரையலாம் என்ற யோசனை, போன வாரம் கீரனூர்க் கல்யாண மண்டப வாசலில் ஒரு சிவப்புக் கறையைப் பார்த்துப் பதறியபோதுதான் வந்தது. நானே தைத்து, மஞ்சளில் சாயம் ஏற்றிய தாம்பூலப் பைகள். என் முதல் ஆர்டர். சொதப்பினால் ஊரே பிளாஸ்டிக் பைக்குத் திரும்பிவிடும்.

வாசலில் பை கொடுத்தவர் பெண்ணின் தாய்மாமன். முறுக்கு மீசை, வாய் ஓயாத வெற்றிலை. சுண்ணாம்பு தடவிய விரலைக் கைக்கு எட்டியதில் துடைப்பது அவர் வழக்கம். அன்று எட்டியவை என் பைகள். விரல் பட்ட இடமெல்லாம் சிவந்தது.

"ஐயோ மாமா, பையெல்லாம் கறையாப் போச்சுங்க!"

"கறையா? மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பக் கலந்தா ஆரத்தி இப்படித்தானே ஆத்தா செவக்குது? இங்கிட்டுப் பாரு, கேட்டுல்ல வாங்குறாக!"

உண்மைதான். "எனக்கும் செவப்பு வச்ச பையாக் குடுங்க" என்று ஒரு அக்கா நின்றார். மாமா சுண்ணாம்பைத் தொட்டு, கூச்சமே இல்லாமல் ஒரு பொட்டு வைத்து நீட்டினார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

அவர் என்னைத் தேற்றினாரா, சமாளித்தாரா? இன்னும் விளங்கவில்லை. நாளை சுண்ணாம்பைக் கரைத்து, தூரிகையால் ஒரு முந்திரிக் கிளை வரையப் போகிறேன். துவைத்தால் நிற்குமா என்று பார்த்துவிட வேண்டும்.