நகத்தால் ஒரு தட்டு

தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே கோகிலா போனில் பேசுகிறார். "அம்மாங்களா? புள்ளக் காம்பராவுல இருந்து பேசுறேன். திரிபோஷ வந்திருக்கு, மருமகள அனுப்பி விடுங்க. என்னது, வரமாட்டேங்குறாளா? ஹரி, ஹரி." சிங்களத்தில் 'சரி, சரி' என்கிறார். தாய்மாருக்கு அரசு கொடுக்கும் திரிபோஷ சத்துமாவு வந்திருப்பது உண்மைதான். ஆனால் அவர் அழைத்தது மாவுக்காக மட்டுமல்ல.

இலங்கையில், றக்வானவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்தான் புள்ளக் காம்பரா. அங்கே கோகிலாவின் ஆட்சி. கணக்கப்பிள்ளையே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். கோகிலா தமிழில் அதட்டுவார், சிங்களத்தில் சிரிப்பார். தன்னால் முடியாதது எதுவுமில்லை என்பது அவர் எண்ணம். அனேகமாகச் சரியான எண்ணம்தான்.

பிள்ளை பெற்றபின் பேச்சும் சிரிப்பும் நின்றுபோகும் இளம் தாய்மாரை அவருக்கு நன்றாகத் தெரியும். "எனக்கும் முதப் புள்ளைக்கு அப்படித்தாங்க. தொட்டுத் தூக்கவே பயம். யாருகிட்ட சொல்ல?" என்றார், அவரைப் பார்க்க வந்த என்னிடம். அப்படிப்பட்டவர்கள் தன்னிடம் பேச ஒரு வழி வேண்டுமென்று, டவுனில் போன் கடை வைத்திருக்கும் நஸீமைப் போய்ப் பிடித்தார்.

நஸீம் உற்சாகமான ஆள். அவர் செய்த ஏற்பாட்டில், மிஸ் கோல் கொடுத்தால் பதிவு செய்த குரல் திரும்ப அழைக்கும். பயமென்றால் ஒன்றை அழுத்து, அழுகையென்றால் இரண்டை அழுத்து. 'மனநல உதவி' என்று அதற்கொரு பெயரும் வைத்தார். பெயரைக் கோகிலா அங்கேயே வெட்டினார். "மனநலம்னா லயத்துல பைத்தியம்னு முத்திரை குத்திப்புடுவாங்க தம்பி. புள்ளக் காம்பரான்னே இருக்கட்டும்." காம்பராவில் உட்கார்ந்து பொத்தான்களைத் தானே அழுத்திப் பார்த்து, பிரமாதம் என்றார்.

அங்கேதான் சறுக்கியது. லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளின் இடைச்சுவர் கூரைவரை போகாது. இந்த வீட்டில் அழுத்திய பொத்தானின் 'பீப்' அடுத்த வீட்டு அடுப்படியில் கேட்டது. "என்னடி, காம்பராவுக்குப் போன் போட்டு அழுவுறியா?" என்று அங்கிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். அன்றோடு ஒரு சின்னத் தாய் அழைப்பதை நிறுத்திவிட்டாள். வழியில் கண்டாலும் தலை குனிந்து போனாள்.

"பொறந்ததுல இருந்து அந்தச் சுவத்துக்குப் பயந்து குசுகுசுன்னு பேசுனவ நானு. காம்பராவுல ஒக்காந்ததும் மறந்துட்டேன் பாருங்க." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. எனக்கே கஷ்டமாகிவிட்டது. அந்தப் பெண் யாரென்று கேட்க வாயெடுத்தேன். "பேரு கேட்டீங்க, இப்பவே பஸ் ஏத்தி விட்டுருவேன்" என்றார், பழைய குரலில்.

பதிவுக் குரல் போய்விட்டது. இப்போது கோகிலாவே திரும்ப அழைக்கிறார். மறுமுனையில் இருப்பவள் வாய் திறக்க வேண்டாம். நகத்தால் போனைத் தட்டினால் போதும். ஆமென்றால் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு. கடைக்கு வரும் தோட்டத்துப் போன்களில் நஸீம் பொத்தான் சத்தத்தை அணைத்துக் கொடுக்கிறார். பலருக்கு இது பழகிவிட்டது. அந்தச் சின்னத் தாய் மட்டும் இன்னும் அழைக்கவில்லை. சற்றுமுன் பேசிய திரிபோஷ அழைப்பு அவள் வீட்டுக்குத்தான்.

போன் ஒருமுறை சிணுங்கி நின்றது. எண்ணைப் பார்த்த கோகிலா, கையசைத்து என்னை வாசலுக்குப் போகச் சொன்னார். தொட்டில் கயிற்றைக் காலிலிருந்து கழற்றிவிட்டு, திரும்ப அழைத்தார்.

"நான்தான்டி. நீ பேச வேணாம். ஆமான்னா ஒரு தட்டு, இல்லேன்னா ரெண்டு. சாப்டியா?"

மறுமுனையில் என்ன கேட்டதோ, வாசலில் நின்ற எனக்குத் தெரியாது. ஆனால் காதில் விழுந்த தட்டுகளையெல்லாம் அவருடைய விரல் அவரை அறியாமல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு.

"புள்ளயத் தூக்க இன்னும் பயமா இருக்கா?"

ஒன்று.

"எனக்கும் அப்படித்தான்டி இருந்துச்சு. அது போயிரும். போயிருச்சு. நான் அங்க வரட்டுமா?"

விரல் அசையவில்லை. தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. கோகிலா திரும்பிப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து விரல் முழங்காலில் இறங்கியது. ஒன்று. இரண்டாவது தட்டு வரவில்லை.

சதா பேசும் அந்த மனுஷி, போனை வாய்க்கு நேரே கொண்டுவந்து, நகத்தால் மெதுவாக ஒருமுறை தட்டினார்.