ஐயாதுரைக்கு மூன்றாம் முறை வந்த நிமோனியா

ஐயாதுரை பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஆனால் இதை ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் சொல்ல வேண்டியிருந்தது. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது அதைத்தான். இல்லை என்றதும் மனைவி யோகேஸ்வரியை ஒரு பார்வை பார்ப்பார்கள். அவள் தலையாட்டிய பிறகுதான் நம்புவார்கள். மூன்றாம் முறை நிமோனியா வந்து ராஜபாளையத்தில் படுத்திருந்தபோது, அந்தக் கேள்வி வந்ததுமே அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சொந்த ஊர் சுந்தரபாண்டியம். அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தம்பி போலீஸ். இவரும் வாலிபத்தில் ஆளெடுப்புக்குப் போனவர்தான். நன்றாக ஓடினார். ஆனால் மைதானத்துப் புழுதி நெஞ்சில் ஏறி இழுப்பு வந்துவிட்டது, மருத்துவச் சோதனையில் கழித்துவிட்டார்கள். பிறகு லாரி ஓட்டினார். கடைசியில் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் டிரைவரானார். ராஜபாளையத்தில் புறப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. ஐயாதுரை அண்ணன் பிரேக் போட்டால் தூங்குகிறவன் முழிக்க மாட்டான் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதைக் கேட்பதில் அவருக்கு ஒரு பெருமை.

இழுப்போடு வாழ அவர் பழகியிருந்தார். ரோட்டில் வேலை நடந்து மண் பறக்கிற நாளில் நெஞ்சு விசிலடிக்கும். சட்டைப்பையிலிருக்கிற இன்ஹேலரை எடுத்து இழுத்துவிட்டு வண்டியை எடுப்பார். அவரால் பழக முடியாதது நிமோனியாதான்.

அது ஒவ்வொரு தடவையும் இழுப்பு மாதிரியேதான் ஆரம்பித்தது. தெருமுனை கிளினிக்கில் நெபுலைசர் வைத்து அனுப்புவார்கள். விசில் சத்தம் குறையும். வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்பார்கள், அவரும் அப்படித்தான் நினைப்பார். ஆனால் காய்ச்சல் விடாது. சளி பழுப்பாக வரும். எக்ஸ்ரே எடுக்கிறதற்குள் கிருமி பரவி, படத்தில் நுரையீரல் பாதி வெள்ளையாகிப் போயிருக்கும். மூன்றாம் தடவை, சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றி வருகையில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் உடம்பு உதறியது. மூச்சு இழுத்தால் வலது விலாவில் கத்தி சொருகியதுபோல வலி. வண்டியை ஓரங்கட்டினார். வேறு டிரைவர் வரும்வரை பிள்ளைகள் ரோட்டோரம் நின்றதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். யோகேஸ்வரிக்கு, பனியில் தலைக்குக் குளித்ததுதான் காரணம். அண்ணனுக்கு, அடிக்கடி இழுக்கிற இன்ஹேலர். கல்லூரியில் பஸ்களைப் பார்த்துக்கொள்கிற சுப்புராஜ் ஆப்பிளோடு வந்து, உடம்பைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம் என்றார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஐயாதுரைக்குத்தான் ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க எரிச்சல் ஏறியது.

நெஞ்சு டாக்டர் மாரிக்கனியிடம் அதைக் கொட்டினார்.

"எனக்குத் தூசிதானே ஆகாது. கிருமி ஏன் என்னையே தேடி வருது? என்கூட ஓட்டுற பயலுக அம்புட்டுப் பேரும் குடிக்கான், புகைக்கான். ஒருத்தனுக்கும் ஒண்ணும் வரலியே."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐயாதுரையின் உடம்பு தூசியை எதிரியாக நினைத்துவிட்டது என்றார். தூசி பட்டதும் செல்கள் ஒன்றுக்கொன்று ஒரு வகை ரசாயனச் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. அந்தச் செய்தியால்தான் மூச்சுக்குழாய் வீங்குகிறது, சளி கெட்டியாகிறது. அதே செய்தி, பாக்டீரியாவை விழுங்க வேண்டிய செல்களை மந்தமாக்கியும் விடலாம். மூச்சுக்குழாயின் உள்தோல் கிருமியைக் கொல்ல ஒரு பொருளைச் சுரக்கும். அதுவும் குறைந்துபோகலாம்.

"எல்லா ஆஸ்துமாக்காரங்களுக்கும் இப்படி ஆகுறதில்ல. யாருக்கு ஆகும், எதனால ஆகும்னு இன்னும் முழுசாத் தெரியல," என்றார்.

"அப்ப எங்க அண்ணன் சொல்றாரே, இன்ஹேலரை நிறுத்தச் சொல்லி?"

"அதுல இருக்க மருந்தும் கிருமியை எதிர்க்கிற சக்தியைக் கொஞ்சம் குறைக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா நீங்க நிறுத்துனா உள்ள வீக்கம் கூடும். உங்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து. நல்லா இருக்கிற நாள்லயும் இழுக்கணும்."

ஐயாதுரைக்கு இது ஆறுதலாக இல்லை. தப்பு யார் மேலாவது இருந்தால் சண்டை போடலாம். இங்கே சண்டை போட ஆளே இல்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில், பிறகு வந்து நிமோனியா தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் தேதி கொடுத்தபோது மறுபடியும் கோபம் வந்தது.

"இப்படி ஒரு ஊசி இருக்குன்னா மொதத் தடவையே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்," என்றார் டாக்டர். சண்டைக்குத் தயாராக இருந்த ஐயாதுரை தேதிச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஊசி போட்டுக்கொண்டார். இன்ஹேலரையும் விடாமல் இழுத்தார். வேலைக்குத் திரும்பினால், அவருடைய வண்டி வேறொருவர் கையில். யாராவது லீவு போட்டால் ஓட்டலாம் என்று சுப்புராஜ் சொன்னார். பிள்ளைகளை வைத்து ஓட்டுகிறபோது திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் ஐயாதுரைக்கு அது இன்னும் கசந்தது.

கார்த்திகை மழையில் மறுபடியும் இழுப்பு வந்தது. கூடவே குளிர். இந்தத் தடவை அவர் காத்திருக்கவில்லை. கிளினிக்கில் நெபுலைசர் வைத்து வீட்டுக்குப் போகச் சொன்னபோது நகர மறுத்தார். எக்ஸ்ரே எடுக்காமல் போவதில்லை என்று சத்தம் போட்டார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யோகேஸ்வரி அவர் கையைப் பிடித்து, "ஏங்க, மெதுவாப் பேசுங்க," என்றாள். கடைசியில் எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. நுரையீரலில் ஒன்றுமில்லை. வெறும் இழுப்புதான்.

படத்தைத் தூக்கிக்கொண்டு மாரிக்கனி டாக்டரிடம் போனார். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் செய்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"கிளினிக்ல வேலை பாக்குற பிள்ளைககிட்ட வீணாக் கத்திட்டு வந்திருக்கேன்," என்றார் ஐயாதுரை.

"கத்துனது தப்பு. படம் கேட்டது சரி. அடுத்த தடவையும் கேளுங்க."

"எம்புட்டுத் தடவைதான் கேக்க? ஒவ்வொரு இழுப்புக்கும் படமா எடுத்துக்கிட்டே இருக்கதா?"

"காய்ச்சல், குளிர், ஒரு பக்கமா வலி, சளி நிறம் மாறுறது. இதுல ஏதாவது வந்தா எடுக்கத்தான் வேணும். உங்களுக்கு வேற வழி இல்லங்க."

வெளியே வந்ததும் யோகேஸ்வரி கோயிலுக்குப் போய்விட்டுப் போகலாம் என்றாள். நிமோனியா இல்லை என்பதே அவளுக்குப் போதும். அவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் சந்தோஷமாக இல்லை. உடம்பு சொல்வதை நம்பினாலும் தப்பாகிறது, நம்பாவிட்டாலும் தப்பாகிறது.

சுப்புராஜுக்கு போன் போட்டு, நாளை வேலைக்கு வாரேன் என்றார். நாளை யாரும் லீவு இல்லை, இருந்தாலும் வா என்றார் அவர்.

"சரி சார்," என்று போனை வைத்துவிட்டு, ஐயாதுரை கோயில் பக்கம் நடந்தார். யோகேஸ்வரி கொஞ்சம் பின்னால் வந்தாள். மூச்சு வாங்காமல் இருக்க அவர் மெதுவாகத்தான் நடந்தார்.