மஞ்சள் துணிக்குள் ஆயிரம் வெள்ளி

கிள்ளானில் வேலாயுதத்தைத் தெரியாத லோரிக்காரன் எவனாவது இருந்தால், அவன் நேற்றுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டவனாக இருப்பான். காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பதினான்கு வயதில், தௌக்கே என்று எல்லாரும் அழைத்த ஒரு சீன முதலாளியின் லோரியில் மூட்டை ஏற்றப் போனவர். அதே தௌக்கேயின் பழைய லோரியை எழுபத்தாறில் விலைபேசி வாங்கினார். தொண்ணூற்றொன்பதில் அவர் பெயர் எழுதிய லோரிகள் நான்கு துறைமுகச் சாலையில் ஓடின. யாரிடமும் போய்க் கைகட்டி நின்றதில்லை. இதைச் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்கள். உழைத்தவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த வருஷம் ஜூன் மாதக் கடைசியில் நடுநடுங்கிப் போனார். காரணம் ஒரே ஒரு நோட்டு.

எண்பத்தாறில் ஒரு பலகை வியாபாரி, இரண்டு மாத லோரி வாடகையைச் சேர்த்து ஆயிரம் வெள்ளியை ஒற்றை நோட்டாகக் கொடுத்தான். வேலாயுதம் அன்றே மெல்லிசான வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டு, நோட்டு வெளியே தெரியும்படி மேல்பையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். கௌஸ் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு அதைத்தான் நீட்டினார்.

"அண்ணே, இதுக்கு மீதி குடுக்கணும்னா நான் கடையைத்தான் எழுதிக் குடுக்கணும்," என்றார் கௌஸ். கடையே சிரித்தது. அதன்பிறகு அந்த நோட்டை அவர் செலவழிக்கவே இல்லை. லோரி வாங்கும்போதும் வீடு கட்டும்போதும் அதைத் தொட மனம் வரவில்லை.

கடைசியில் அதை எடுக்க வைத்தது மகள் சந்திரகலா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு முறை கருவுற்று, இரண்டு முறையும் ஏழாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தாள். மூன்றாவது முறை நின்றபோது மனைவி வள்ளியம்மா மஞ்சள் துணியில் காணிக்கை முடிவதாகக் கிள்ளான் அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாள். பிள்ளை உயிரோடு பிறந்தால் இந்த முடிச்சில் இருப்பது உன் காலடிக்கு. அதுவரை முடிச்சு அவிழாது.

"ஒண்ணேகால் வெள்ளி சில்லறை போதுங்க. எல்லாரும் அப்படித்தான் முடியுறாங்க," என்றாள் வள்ளியம்மா.

"எல்லாரும் வேலாயுதமா? எம் பேரப்பிள்ளைக்கு ஒண்ணேகால் வெள்ளியா?"

பீரோவைத் திறந்து அந்த ஆயிரத்தை எடுத்து வந்தார். மஞ்சள் துணியில் வைத்து, மூன்று முடிச்சுப் போட்டு, சாமி அறையில் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினாள் வள்ளியம்மா. அன்றிலிருந்து அது பணமில்லை, பிள்ளையின் உயிர். ஏழாம் மாதம் தாண்டியது. எட்டும் தாண்டியது. டாக்டர் ஜூலை நடுவில் என்று நாள் சொல்லியிருந்தார்.

ஜூன் இருபத்தெட்டு, திங்கட்கிழமை. தன் கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கௌஸ்தான் சொன்னார்:

"அண்ணே, புதன்கிழமையோட ஐந்நூறும் ஆயிரமும் காலி. வியாழக்கெழம செல்லாது. இருந்தா பேங்க்ல போட்டுருங்க."

"மாசக் கணக்கா இதையே படிக்கிறியே பாய். நல்ல நோட்டைப் போயி எதுக்கு நிறுத்துறான்?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி நம்ம வெள்ளி தலைகுப்புற விழுந்துச்சே, மறந்துட்டீங்களா? பெரிய ஆளுங்க ஆயிரம் ஆயிரமா அடுக்கி எல்லை தாண்டிக் கொண்டு போனானுங்களாம். ஒரு மில்லியன் சின்னப் பெட்டியில அடங்கிடும். அதையே பத்து வெள்ளி நோட்டா கொண்டு போகணும்னா உங்க லோரிய வாடகைக்குக் கேக்கணும் லா!"

"கேட்டா டபுள் ரேட்டு!" வேலாயுதம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நமக்கென்ன பாய், நம்ம காசெல்லாம் பேங்க்ல. பெரிய நோட்டைப் பதுக்கி வச்சவன்லாம் இப்ப பேங்க் வாசல்ல தவம் கெடக்கட்டும்."

"அன்னிக்கு டீக்கு நீட்டினீங்களே ஒண்ணு, அது என்னாச்சு?"

வாய்க்குப் போன கிளாஸ் அப்படியே நின்றது. சூடு விரலைச் சுட்டது கூட அவருக்குத் தெரியவில்லை. மேசையில் டீக்காசை வைத்தாரா இல்லையா என்பதும் நினைவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதுதான் மூச்சு வந்தது.

சாமி அறைக்குள் போய் நின்றார். அம்மன் படத்துக்குப் பின்னால் மஞ்சள் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அவிழ்த்தால் வாக்குத் தவறியதாகிவிடும், பிள்ளை வயிற்றில் இருக்கிறது. அவிழ்க்காவிட்டால் வியாழக்கிழமை அது வெற்றுத் தாள். பிள்ளை பிறந்தபின் செல்லாத தாளைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைப்பதா? அம்மனையே ஏமாற்றுவதா? கொடுத்த பிள்ளையை அவள் திருப்பி எடுத்துக்கொண்டால்? வள்ளியம்மா சொன்னபடி சில்லறையை முடிந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா என்று அவருக்கு முதன்முறையாகத் தன்மேலேயே கோபம் வந்தது.

கூடத்தில் டெலிபோன் அடித்தது. சந்திரகலாதான்.

"அப்பா, காலு கொஞ்சம் வீங்கியிருக்கு. டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லன்னாரு. அம்மாட்ட சொல்லுங்க."

"சரிம்மா," என்றார். முடிச்சைப் பற்றி வெறுமனே நினைத்ததற்கே கால் வீங்கிவிட்டதோ?

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் உண்டியல் முன்னால் நின்றார். முடிச்சோடு அப்படியே போட்டுவிட்டால்? ஆனால் உண்டியலை ஆடி மாதம்தான் திறப்பார்களாம். அதற்குள் நோட்டு செத்துவிடும். பிள்ளை பிறக்குமுன் காணிக்கை கட்டுவதும் முறையில்லை. வியாழனுக்குப் பிறகு ஃபாரம் எழுதி மேலிடத்தில் கேட்கலாம், கொடுத்தாலும் கொடுப்பார்கள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். ஃபாரம் என்ற சொல்லைக் கேட்டாலே வேலாயுதத்துக்கு வேர்க்கும். வள்ளியம்மாவிடம் வாய் திறக்கவில்லை. இரத்தக்கொதிப்புக்காரி, பயந்தே படுத்துவிடுவாள்.

புதன்கிழமை அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில் முடிச்சை எடுத்து வேட்டி மடியில் வைத்துக்கொண்டு பேங்குக்குப் போனார். வாசல் வரை கூட்டம். ஒரு மணி நேரம் நின்றபின் கவுண்டருக்கு வந்தார். உள்ளே இருந்தது மீனலோசனி, யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், பல வருஷமாக அவர் கணக்கைப் பார்ப்பவள். கண்ணாடிக்குக் கீழே முடிச்சைத் தள்ளினார்.

"உள்ள ஆயிரம் இருக்கும்மா. நீயே அவுத்து எடுத்துக்க."

தான் அவிழ்க்கவில்லை என்றால் குற்றம் தன்மேல் வராது என்று இரண்டு நாளாக யோசித்துக் கண்டுபிடித்த வழி அது. மீனலோசனி கையை நீட்டினாள். மஞ்சளைப் பார்த்ததும் சூடுபட்டவள்போல இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ அங்கிள், இது நேர்த்தி முடிச்சு. நான் தொட மாட்டேன். எங்கட வீட்டிலயும் ஒண்டு கிடக்கு."

"நீதாம்மா ஆபீசரு. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"பிள்ளைக்கோ, பெரியாக்களுக்கோ?"

"பேரப்பிள்ளைக்கு. இன்னும் பொறக்கல."

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "அப்ப கட்டாயம் தொட மாட்டேன் அங்கிள். நோட்டைக் காட்டினா மாத்தித் தாறன். அவிழ்க்கிறது உங்கட பாடு."

"அங்கிள், செப்பாட் லா, சீக்கிரம்! பேங்க் மூடப் போகுது!" பின்னால் இருந்து யாரோ கத்தினார்கள்.

மூட்டைகளைத் தூக்கித் தோளில் ஏற்றிய கை அது. இப்போது ஒரு துண்டுத் துணியை அவிழ்க்க அதற்கு வலுவில்லை. முதல் முடிச்சு இறுகிக் கிடந்தது, நகம் ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். 'தாயே, அவிழ்க்கிறது நான். பெருமைக்குப் பெரிய நோட்டை முடிந்ததும் நான். என்ன செய்யணுமோ என்னைச் செய். அந்தப் பச்சைப் பிள்ளையை விட்டுடு.' மூன்று முடிச்சும் அவிழ்ந்தன. மீனலோசனி நோட்டை வாங்கிக்கொண்டு பத்து நூறு வெள்ளி நோட்டுகளைத் தள்ளினாள். அங்கேயே, பின்னால் நின்றவர்களின் முணுமுணுப்பு காதில் விழாமல், அதே துணியில் அதே மடிப்பில் வைத்து மறுபடி மூன்று முடிச்சுப் போட்டார். முடிச்சு முன்னைவிடத் தடித்திருந்தது.

அதன்பிறகு பன்னிரண்டு நாள். கௌஸ் கடையில் அவருடைய பெருமைப் பேச்சே இல்லை. "என்ன அண்ணே, லோரி ஏதும் கவுந்துருச்சா?" என்று கௌஸ் கேட்டதும் டீக்காசை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் வள்ளியம்மாதான் எடுக்க வேண்டியிருந்தது. அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

பதின்மூன்றாம் நாள் காலையில் டெலிபோன் அடித்தது. கொல்லையில் நின்றபடி வள்ளியம்மாவின் குரலுக்குக் காது கொடுத்தார். அவள் அழுதாள். அவர் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க! பொண்ணு! ரெண்டு உயிரும் சொகம்!"

அன்று மாலையே கோயிலுக்குப் போனார்கள். உண்டியல் முன்னால் நின்று முடிச்சை அவிழ்க்கக் கை வைத்த வள்ளியம்மா, அதை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தாள். மெல்ல அவிழ்த்தாள். பத்து நோட்டு. வேலாயுதம் தரையைப் பார்த்தார்.

"எப்பங்க அவுத்தீங்க?"

"முப்பதாந் தேதி. கடைசி நாளு." பிறகு சின்னக் குரலில், "நீ பயந்துருவேன்னு சொல்லல."

வள்ளியம்மா நோட்டுகளைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நோட்டு செல்லாதுன்னு ரேடியோவுல கேட்டதுலேருந்து நானும் தெனம் அந்தப் படத்துக்கிட்ட போயி நின்னுட்டு வந்தேன். தொட தைரியம் வரல. உங்ககிட்ட சொல்லவும் வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு நோட்டாக உண்டியலுக்குள் தள்ளினாள். பத்தாவது நோட்டும் விழுந்ததும் அவர் பக்கம் கையை நீட்டினாள்.

"என்ன?"

"முன்கூட்டி அவுத்ததுக்கு அபராதம். ஒண்ணேகால் வெள்ளி. சில்லறையாக் குடுங்க."

நான்கு லோரிக்கு முதலாளி வேலாயுதம் சட்டைப்பையைத் துழாவினார். ஐம்பது வெள்ளி நோட்டுதான் இருந்தது. அதை எடுக்கப் போனவர், 'மறுபடியும் பெரிய நோட்டா' என்று கேட்பதுபோல் இருந்த மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே வைத்தார். வெளியே பூக்கடைக்காரியிடம் போய், வாழ்க்கையில் முதல்தடவையாகக் கைநீட்டி, ஒண்ணேகால் வெள்ளி சில்லறை கடன் கேட்டார்.