இடுப்புக்கு வலு வரும்வரை

தீயணைப்பு நிலையத்தில் அவளுக்கு ஏணியக்கா என்று பெயர். எங்கே தீப்பிடித்தாலும் ஏணியில் முதலில் கால் வைப்பவள் அவள்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வாய் மட்டும் பதினெட்டிலேயே நின்றுவிட்டது என்பாள் அவள் தங்கை.

ஆட்கள் முதுகையும் முட்டியையும் பிடித்துக்கொண்டு அடிக்கடி விடுப்பில் போகவே, எல்லாருடைய உடல் அசைவையும் சோதித்துப் பார்க்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். அடிபடும் முன்பே பலவீனத்தைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. வண்டிக் கொட்டகையில் பாய் விரித்து, ஒற்றைக் காலில் நின்று மெல்ல இறங்கி எழச் சொன்னாள். வலது காலில் ஏணியக்கா ஜம்மென்று இறங்கினாள். இடது காலில் முட்டி உள்பக்கமாக வளைந்தது, இடுப்பு சரிந்தது.

"வலிக்குதாக்கா?"

"இல்லையே."

"இப்ப வலிக்காது. இடுப்புத் தசையில வலு பத்தல. இப்படியே பாரம் தூக்கிட்டு ஏணி இறங்கினா, ஒருநாள் முட்டி போயிடும்."

இது நிலைய அதிகாரியின் காதுக்குப் போனது. மறுநாள் காலையிலேயே தொலைபேசி மேசையைக் காட்டினார். "இனிமே இங்கதான். உங்க நல்லதுக்குத்தாம்மா."

அவள் உட்காரவில்லை. "குடத்துல ஓட்டைன்னா அடைப்பாங்களா, தூக்கி எறிவாங்களா சார்?"

"பேச்சு நல்லாத்தான் இருக்கு."

"எல்லாரையும்தானே சோதிக்கச் சொன்னாங்க? நீங்க இன்னும் பாய்ல ஏறலையே?"

மீதி ஆட்களைச் சோதிக்கப் பிசியோ அன்றும் கொட்டகையில் பாய் விரித்திருந்தாள். அதிகாரி விறைப்பாக பூட்ஸைக் கழற்றினார். குந்தி உட்காரச் சொன்னாள் பிசியோ. பாதி இறங்குவதற்குள் குதிகால் எழும்பவே, வண்டிக் கைப்பிடியை எட்டிப் பிடித்துத் தப்பித்தார். ஓட்டுநர் சிரிப்பை இருமலாக்கினார்.

"வாங்க சார், ரெண்டு பேருமா போன் எடுப்போம்" என்றாள் ஏணியக்கா.

அதிகாரி குனிந்து பூட்ஸை மாட்டத் தொடங்கினார். பிசியோ குறுக்கிட்டாள். "மேசை வேண்டாம். ஆனா நான் சொல்ற வரைக்கும் ஏணியும் வேண்டாம்க்கா."

ஏணியக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒப்புக்கொண்டாள். "தரையில நின்னு தண்ணி அடிக்கிறேன். நாற்காலிக்கு மட்டும் ஆள் வேற பாருங்க."

பிசியோ சொல்லிக்கொடுத்தபடி தினமும் வீட்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, ரப்பர் பட்டையை மாட்டிக் காலைத் தூக்கினாள்.

"யாரை உதைக்க இந்தப் பழக்கம்?" என்றாள் தங்கை.

"ஆள் இருக்கு. நேரம் வரட்டும்."

ஒரு துணிக்கடை எரிந்தபோது வேறொருத்தி ஏறினாள். கீழே குழாயைப் பிடித்துக்கொண்டு ஏணியக்கா பல்லைக் கடித்தாள். அன்று வீடு திரும்பியதும் சாப்பிடக்கூட உட்காரவில்லை, பட்டையைத்தான் எடுத்தாள்.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி சோதனை. முட்டி நேராக இறங்கியது. இடுப்பு மட்டும் லேசாக ஆடியது. "ஏறலாம். பயிற்சியை விட்டா திரும்பவும் இறக்கிடுவேன்" என்றாள் பிசியோ.

அடுத்த தீ மணிக்கு வண்டி போய் நின்றதும் ஏணியக்கா ஏணியை நோக்கி நடந்தாள். அதிகாரி பின்னாலிருந்து கத்தினார். "பாத்து ஏறும்மா!"

"பிசியோ பாத்துட்டாங்க சார். அதான் ஏறுறேன்."