நூற்று நாற்பத்து மூன்றாவது கையெழுத்து

பம்ப் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘சர்க்குலர்’. மேலிடம் ஒரு சுற்றறிக்கை எழுதினால், அதை நீள நோட்டில் ஒட்டி, கீழே ஊழியர் பெயர்ப் பட்டியலையும் ஒட்டி, மேசை மேசையாக, எந்திரம் எந்திரமாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவது அவர் வேலை. முப்பத்தொரு வருடமாக அதே வேலை. காலையில் கொடுத்தால் சாப்பாட்டு மணிக்குள் நோட்டு திரும்பிவிடும் என்று பேர் எடுத்தவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வாங்கியது சின்னச் சம்பளம். ஆனாலும் ஓய்வுக்கால நிதிக்குக் கம்பெனி பிடிப்பது போதாதென்று, கூடவே இன்னொரு பங்கும் பிடிக்கச் சொல்லி முதல் வருடமே எழுதிக் கொடுத்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வெளியே கடன் வாங்கி அடைத்தாரே தவிர, இதில் கை வைக்கவில்லை. குடியிருக்கும் இரண்டு அறை வீட்டை, ஓய்வு பெறும் மாதத்தில் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் திட்டம். வீட்டுக்காரரும் ஒரு விலை சொல்லி, அதுவரை காத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். சமையலறையில் ஜன்னல் எங்கே வர வேண்டும் என்று அவர் மனைவி சுவரில் பென்சிலால் கோடுகூடப் போட்டுவிட்டாள்.

ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது நிதிக் கணக்கின் தாள் வந்தது. கால்வாசிப் பணத்தைக் காணோம். திருடன் வந்திருந்தால் பூட்டாவது உடைந்திருக்கும். இங்கே பூட்டு அப்படியே இருந்தது, பணம் மட்டும் இளைத்துப் போயிருந்தது.

கணக்கு அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார். நிச்சய வட்டியில் இருந்த நிதியைப் போன வருடம் பங்குச் சந்தைத் திட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். இந்த வருடம் சந்தை விழுந்துவிட்டதாம். கவலை வேண்டாம், நீண்ட காலத்தில் ஏறிவிடுமாம். நீண்ட காலம்! ஐந்து மாதத்தில் வீட்டுக்குப் போகிற மனிதனிடம் நீண்ட காலத்தைப் பற்றிப் பேச ஒருவருக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ. ஏறினால் அது நிர்வாகத்தின் திறமை, இறங்கினால் சந்தையின் குணம். இறங்கிய சந்தையால் அந்த அதிகாரியின் சம்பளத்தில் ஒரு காசு குறைந்ததா என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்றார் சர்க்குலர். சுற்றறிக்கை விட்டோமே என்றார் அதிகாரி. முப்பது நாளுக்குள் எழுத்தில் மறுக்காதவர்கள் சம்மதித்ததாகக் கருதப்படுவார்கள் என்று அதிலேயே இருக்கிறதாம்.

“அதை எடுத்துக்கிட்டுச் சுத்தினதே நீங்கதான். இப்ப வந்து தெரியாதுன்னா எப்படி?”

சுற்றியது உண்மைதான். மூன்று பக்கம், பொடி எழுத்து. அவர் படிக்கவில்லை. நோட்டைச் சுமப்பதற்குத்தான் சம்பளம், படிப்பதற்கு இல்லை என்று ஆரம்பத்திலேயே அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

“தபால்காரன் பையில இருக்கிற கடுதாசியெல்லாம் தபால்காரனுக்கு வந்ததா சார்?” என்றார். அதிகாரி சிரித்தார். சர்க்குலர் சிரிக்காமல் போய் நோட்டை எடுத்து வந்தார்.

பட்டியலில் நூற்று நாற்பத்திரண்டு பேர். சம்பளம் வாங்குகிறவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். கொண்டுபோகிறவனுக்கு எதற்குத் தனியாக என்று, பட்டியல் தட்டியவர்கள் அவரை என்றைக்குமே சேர்த்ததில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு சுற்றறிக்கைகூட அவருக்கென்று வந்ததில்லை. பணம் போனதைவிட இதுதான் அவருக்குச் சுருக்கென்றது. நாற்காலி மேசையைப் போல என்னையும் எண்ணாமல் விட்டார்கள், பணத்தை எடுக்கும்போது மட்டும் மறக்காமல் எண்ணினார்கள் என்று உடம்பெல்லாம் எரிந்தது.

அதிகாரியின் குரல் இறங்கியது. முதல் தடவையாக உட்காரச் சொன்னார். பட்டியலின் கீழே இடம் இருக்கிறது, பெயரை எழுதிப் போன வருடத் தேதியில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால், இவருடைய விஷயத்தைத் தான் தனியாகக் கவனித்துக்கொள்வதாகச் சொல்லிப் பேனாவைத் திறந்து நீட்டினார்.

“போன வருஷம் என்கிட்ட யாரும் கேக்கலையே சார். கேக்காத கேள்விக்கு நான் எதுக்குப் பதில் எழுதணும்?”

அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். ஏழு வாரம் நடையாய் நடந்தார். செருப்புத் தேய்ந்தது, ஆனால் பலன் கிடைத்தது. கையெழுத்து இல்லாததால் அவருடைய கணக்கு மட்டும் பழைய வட்டிக்கே திரும்பும், ஓய்வு நாளன்று முழுத் தொகையும் தரப்படும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது.

அன்று தொழிற்சாலையே அவர் முதுகில் தட்டியது. எல்லோரும் கலைந்த பிறகு லாரி டிரைவர் வந்தார். இருபது வருடப் பழக்கம், அடுத்த வருடம் அவருக்கும் ஓய்வு, அவர் கணக்கிலும் கால்வாசி போயிருந்தது. தனக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்றார் சர்க்குலர்.

“போட்டேன்ணே. வண்டிக்கு அடியில படுத்திருந்தேன், கையெல்லாம் கிரீஸ். என்னன்னு கேட்டேன். வழக்கமானதுதான், சீக்கிரம் போடுன்னீங்க. நீங்க சொன்னதாலதான் போட்டேன்.”

டிரைவரின் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சர்க்குலர் தாங்கியிருப்பார். நூற்று நாற்பத்திரண்டு பேரிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

அவருடைய பணம் இன்னும் கைக்கு வரவில்லை. கம்பெனி நினைத்தால் ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அதை நிறுத்தியும் வைக்கலாம். ஜன்னல், வீட்டுக்காரர் கொடுத்த வாக்கு, மனைவியின் முகம் எல்லாம் ஒரு நிமிடம் வந்து போயின. பிறகு மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து டிரைவர் முன்னால் வைத்தார்.

“மனு எழுதுப்பா. படிக்க விடாம அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினாங்கன்னு எழுது. வாங்கினது யாருன்னு கேப்பாங்க. என் பேரைப் போடு.”

டிரைவர் பேனாவை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. சர்க்குலரின் சொந்தப் பெயர் என்னவென்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.